இருபதாம் நம்பர் அட்டை

இப்போதெல்லாம் யாரும் வேலை செய்வதில்லை, வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுவதற்கு முன்னால், எவ்வளவு நேரம் பேசலாம் என்று அதற்கும் ஒரு பேச்சு. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஒருத்தன்தான் உழைக்கிறான். மற்றவனெல்லாம் காதில் போனை வைத்துக்கொண்டு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று புளுகுகிறான். கரியாஹாட்டில் நெரிசலில் நிற்கிறவன், இதோ ஹவுரா பாலம் ஏறிவிட்டேன் என்கிறான். கேட்கிறவனும் நம்புகிறான். அவனும் எங்கேயோ நின்றுகொண்டு அதையேதான் சொல்லியிருப்பான்.

என் பெயர் உத்தமன், ஹவுராவுக்கு முன்னால் இருக்கிற சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பத்தோரு வருஷம் வண்டி கோர்த்தவன். படிப்பு அஞ்சாவது. ரெண்டு பெட்டிக்கு நடுவில் புகுந்து கொக்கியை மாட்டிவிட்டு, விரல் பத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கு ஒரு நாளும் கூட்டம் போட்டதில்லை. ஜமேதார் விசில் அடிப்பார், போவோம். எனக்கு இப்போது ஒன்பதரை விரல். அந்த அரை விரல் மழையில் கால் வழுக்கிப் போனது. கூட்டம் போட்டிருந்தாலும் போயிருக்கும்.

இதைச் சொல்லக் காரணம், ரெண்டாயிரத்து ஏழு மாசி மாசத்தில் நடந்த கோமதி மகள் கல்யாணம்.

கோமதியின் புருஷன் மஹாதேவன் பார்சல் ஆபீசில் இருந்தவன். ரயில்வே காலனியில் எனக்கு அடுத்த வீடு, அவனும் திருநெல்வேலிப் பக்கம். ரெண்டு வருஷம் முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஒரே பெண் ரஞ்சனா. மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி டவுன், சுத்த சைவம். கல்யாணம் பெண் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சாக்கில் காளிகட் கோவிலையும் பார்த்துவிடலாம் என்று நாற்பத்தாறு பேர் கிளம்பி வருகிறார்கள்.

வருகிறவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர். அவர் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கல்யாணத்துக்குப் போனபோது ஸ்டேஷனில் அழைத்துப்போக ஆள் வரவில்லை. மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தார். சாயங்காலம் எதிர் வண்டி வந்தது, ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார். தாலி அவர் பையில் இருந்தது. அந்தக் கல்யாணம் அடுத்த மாசம்தான் நடந்தது. இந்தக் கல்யாணத்துக்கும் தாலி அவர் பையில்தான் வருகிறது.

கோமதி என்னிடம் வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணாச்சி, சாம்பார்ல உப்பு கூடிப்போனாக்கூட சமாளிச்சிருவேன். அந்த மனுஷன் ஸ்டேஷன்ல ஆளில்லாம மட்டும் நின்னுரக் கூடாது."

நியாயமாக நாலு ஆள் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை. ஆனால் கோமதிக்கு ஆண் துணை இல்லை என்று எங்கள் சபா கல்யாணப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சபா என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, இங்குள்ள தமிழர்கள் கூடுகிற இடம், லேக் மார்க்கெட் பின்னால் காபித்தூள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. தலைவர் குருமூர்த்தி மாமா, துறைமுகத்தில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாப்பிள்ளை விவேக், சால்ட் லேக் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். ஆறு மாசம் அமெரிக்கா போய்விட்டு வந்திருந்தான். போனவன் சும்மா வரவில்லை, ஸ்பிரிண்ட் பிளானிங் என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

ஸ்பிரிண்ட் என்றால் வேக ஓட்டமாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. ரெண்டு ரெண்டு வாரமாக மூன்று ஓட்டம் என்றான். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் உட்கார்ந்து இந்த ரெண்டு வாரத்தில் எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று முடிவு கட்ட வேண்டும். கட்டிய பிறகு நடுவில் மாற்றக் கூடாது.

சுவரில் ஒரு பெரிய பழுப்புக் காகிதம் ஒட்டினான். மூன்று பத்தி. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. கல்யாண வேலை ஒவ்வொன்றையும் மஞ்சள் சீட்டில் எழுதி முதல் பத்தியில் ஒட்டினான். வேலையை வேலையாக எழுதக் கூடாதாம். ஒரு சீட்டை வாசித்துக் காட்டினான்: விருந்தினராகிய நான் சூடான காபியை விரும்புகிறேன், ஏனெனில் பயணக் களைப்பு நீங்க வேண்டும்.

சமையலுக்குப் பொறுப்பு அலமு மாமி. அவள் கேட்டாள், "காபின்னு எழுதினா போறாதாடா?"

"யாருக்கு, எதுக்குன்னு தெரியணும் மாமி."

"வாய் இருக்கறவாளுக்கு. குடிக்கறதுக்கு."

விவேக் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போனான். அதுதான் அவனிடம் உள்ள வித்தை. என்ன சொன்னாலும் சிரிப்பான், பிறகு தான் நினைத்ததையே செய்வான்.

ஒவ்வொருவர் பேச்சுக்கும் ரெண்டு நிமிஷம். அதற்கு ஒரு கடிகாரம் வைத்திருந்தான். வெள்ளைக்காரர்கள் முட்டை வேகவைக்க வைத்துக்கொள்வது, அதுவே முட்டை மாதிரி இருக்கும். முறுக்கிவிட்டால் ரெண்டு நிமிஷம் கழித்து அடிக்கும். சாமி படத்துக்குக் கீழே முட்டையை வைக்காதே என்று மாமி அதைத் தள்ளி வைக்கச் சொன்னாள். அவன் ஜன்னல் கட்டையில் வைத்தான்.

பிறகு சீட்டுக்கட்டு மாதிரி ஆளுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தான். அதில் ஒன்று, ரெண்டு, மூன்று, அஞ்சு, எட்டு, பதின்மூன்று, இருபது என்று நம்பர். நாலு கிடையாது, ஆறேழும் கிடையாது. நாலு ஆள் வேலை என்றால் எதைக் காட்டுவது என்று கேட்டேன். இது ஆள் கணக்கும் இல்லை, மணிக் கணக்கும் இல்லை அங்கிள், வேலை எவ்வளவு கஷ்டம், எவ்வளவு சந்தேகம் என்கிற கணக்கு என்றான். கஷ்டத்துக்கு நம்பர் போட்டவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முறை இதுதான். ஒரு சீட்டை வாசிப்பான். எல்லோரும் மனசில் பட்ட அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவன் சொன்னதும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்காமல் இருக்கத்தான் கவிழ்ப்பது. நம்பர் ரொம்ப வித்தியாசப்பட்டால், எல்லோரையும்விடக் கூடக் காட்டியவரும் குறையக் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிற எதையும் நான் நம்புவதில்லை.

முதல் சீட்டிலேயே சாயம் வெளுத்துவிட்டது. குருமூர்த்தி மாமாவுக்குக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் இல்லை. அவர் ஆபீசில் ஃபைலில் முதல் அபிப்பிராயம் அவருடையது, மற்றவர்கள் அதற்குக் கீழே. அவர் அட்டையை உருவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். மூன்று. அவர் பக்கத்தில் ரமேஷ்பாபு. துறைமுகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். மனுஷன் ஓய்வு பெற்றும் இவனுக்கு அந்த நாற்காலி பயம் போகவில்லை. சட்டென்று தன் கட்டிலிருந்து மூன்றை எடுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள். விவேக் திருப்பச் சொன்னபோது அறை முழுக்க மூன்று.

"பாத்தீங்களா, டீம் எவ்வளவு ஒத்துப்போகுது" என்றான் விவேக். மாமனாரிடம் அட்டையைக் கவிழ்க்கச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அமெரிக்காவில் அதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

கோமதி கதவுப் பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தான், பிராடக்ட் ஓனர் என்று. வேலையின் சொந்தக்காரி. எது முக்கியம் என்று மட்டும் அவள் சொல்ல வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்பதில் வாய் திறக்கக் கூடாது, அது செய்கிறவர்கள் பாடு. எது முக்கியம் என்று கேட்டான். ஸ்டேஷன் என்றாள். எழுதினான்: சம்பந்தியாகிய நான் ஹவுரா ஸ்டேஷனில் வரவேற்கப்பட விரும்புகிறேன்.

மாமா மடியில் ரெண்டு. அறையில் எல்லோரிடமும் ரெண்டு. நான் இருபது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கோவிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்க்கிற மாதிரி. முறைப்படி குறைச்சல் காட்டியவர் முதலில் பேச வேண்டும். மாமா சொன்னார், பஸ்காரன் தெரிந்தவன், மாலைக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒரு போன், நானே நேரில் நிற்பேன், இதில் என்ன கஷ்டம். கால் நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் முறை வந்தது. விவேக் முட்டையை முறுக்கினான். நான் எழுந்து நின்றேன், எனக்கு உட்கார்ந்து பேச வராது. டிக்கெட்டில் ஹவுரா என்று போட்டிருப்பதால் மட்டும் வண்டி ஹவுராவுக்கு வந்துவிடாது என்றேன். ஹவுராவுக்கு முன்னால் எங்கள் யார்டு இருக்கிறது. அதில் எதற்கு எப்போது சிக்னல் விழும் என்று அங்கே நிற்கிறவனுக்கே தெரியாது. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை கல்யாணக் கோஷ்டி அவுட்டர் சிக்னலில் நின்று பிஸ்கட் தின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சாந்த்ராகாச்சியில் ஒரு ஆள், ஹவுராவில் ஒரு ஆள், பஸ் எந்தப் பக்கமும் போகிற மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன். முட்டை அடித்துவிட்டது.

"நேரம் ஆயிடுத்து அங்கிள்" என்றான் விவேக்.

ரமேஷ்பாபு, உத்தமன் எப்போதும் கெட்டதையே முதலில் சொல்வார் என்றான். மறுபடி அட்டை. மறுபடி எல்லோரும் ரெண்டு, நான் இருபது. விவேக் சீட்டின் மூலையில் ரெண்டு என்று எழுதினான். கோமதி என்னைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. ஆனால் சொந்தக்காரி நம்பரில் தலையிடக் கூடாதே, தலையைக் குனிந்துகொண்டாள்.

இதைவிட ஒரு கூத்து. எது நடந்தால் ஒரு வேலை முடிந்ததாக அர்த்தம் என்று முன்னாலேயே எழுதிவைக்க வேண்டுமாம். ஸ்டேஷன் சீட்டின் பின்புறம் பஸ் பேசியாச்சு, மாலை சொல்லியாச்சு, நாதஸ்வரம் சொல்லியாச்சு என்று மூன்று வரி எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை மாமா மூன்று போன் செய்தார். விவேக் சீட்டைப் பிடுங்கி முடிந்தது பத்தியில் ஒட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கையிலேயே மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டேஷனில் வரவேற்று முடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அந்தச் சீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மாடியில் மின்விசிறி சுற்றும்போது ஒரு மூலை படபடக்கும், அவ்வளவுதான்.

கடைசி ஓட்டத்தில் எனக்கு ஒரு மொபைல் போன் கொடுத்தான் விவேக், எல்லோரும் தொடர்பில் இருக்க வேண்டும் என்று. கழுத்தில் மணி கட்டிய மாடாக நான் திரிய மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது எப்படி அடிக்கும், யார் எங்கிருந்து பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள், அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. சனிக்கிழமை காலை யார்டு வாசல் டீக்கடையில் மாணிக்கத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன், இன்னும் சிக்னல் கேபினில் இருக்கிறான். ஞாயிறு பதினோரு மணியிலிருந்து அஞ்சு வரை தண்டவாள வேலை, தெற்கேயிருந்து வருகிற வண்டிகளை சாந்த்ராகாச்சியோடு நிறுத்திவிடுவார்கள் என்றான். நோட்டீஸ் எழுதி ஒட்டியாகிவிட்டதா என்றேன். ஆகிவிட்டது என்றான்.

கல்யாணத்துக்கு வாடகை பேசிய பியே பாடி சதர்ன் அவென்யூ பக்கம். கல்யாண மண்டபத்துக்கு இங்கே அதுதான் பெயர். அங்கே தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் நின்றுகொண்டே ஒரு கூட்டம், அது தனி. சனிக்கிழமை சாயங்காலம் அதில் போய்ச் சொன்னேன். பஸ்ஸையும் மேளத்தையும் சாந்த்ராகாச்சிக்குத் திருப்புங்கள் என்றேன்.

விவேக் காகிதத்தைப் பார்த்தான், அதையும் அங்கே கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். "அங்கிள், அந்தச் சீட்டு முடிஞ்சதுக்குப் போயாச்சு. ஸ்பிரிண்ட் நடுவுல புதுசா எதையும் உள்ள எடுக்கக் கூடாது. எடுத்தா எல்லாம் குழம்பிடும். அடுத்த ஸ்பிரிண்ட்ல முதல் வேலையா வச்சுக்கலாம்."

அடுத்த ஸ்பிரிண்ட் எப்போது என்று கேட்டேன். திங்கட்கிழமை காலை என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. முகம் மாறியது, மாமனாரைப் பார்த்தான்.

மாமா ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். ரயில்வேயில் அவருக்குத் தெரிந்த பெரிய ஆபீசர் ஒருத்தர் இருந்தார். பேசிவிட்டு, வண்டி சரியான நேரம், ஹவுரா வரை வருகிறது என்றார். மாணிக்கம் சொன்னானே என்றேன். மாணிக்கம் என்ன கிரேடு என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விவேக் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

நான் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. கோமதியிடமும் சொல்லவில்லை. அவள் உள்ளே முளைப்பாலிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும். நாளைக்கு எங்கே இருப்பேன் என்று யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் மேட்டடார் என்கிற குட்டி லாரி ரெண்டு பிடித்துக் கொடுத்தான். காலையில் அவை மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகள். பினாயில் ஊற்றி மூன்று தரம் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தோம். பெண்களுக்கும் முடியாதவர்களுக்கும் டாக்சி சொல்லிவைத்தேன். மேட்டடார் ஓட்டுகிற வங்காளிப் பையன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சித்தப்பா முறை வைத்துக் காக்கு என்று கூப்பிட்டு, வருகிறவர்கள் மீன் சாப்பிடாதவர்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டான்.

மாலை வாங்க ஸ்டேஷன் வாசலில் ஒரே கடை. ஆளுயரச் செவந்திச் சரம் ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

வண்டி ஒன்று இருபதுக்கு வந்தது, நின்றது. இதற்கு மேல் போகாது என்று மூன்று பாஷையில் சொன்னார்கள். ஜனம் கொட்டியது. அல்வா டப்பாவையும் மல்லிகைப்பூவையும் தேடிக்கொண்டு போனேன். எஸ் நாலு பெட்டி பக்கத்தில் மூட்டை மூட்டையாகச் சாமான், சுற்றி நம் ஜனம், நடுவில் பெஞ்சு. அதில் தாய்மாமன் மடியில் ஒரு தோல் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்துவிட்டார் என்று பார்த்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருவே நீரு?"

"பொண்ணு வீட்டு ஆளு. மஹாதேவனுக்கு அடுத்த வீடு, பதினெட்டு வருஷம்."

"மேளம் எங்க?"

"ஹவுராவுல."

"பஸ்ஸு?"

"அதுவும் ஹவுராவுல."

"உங்க சபா தலைவர் வருவாருன்னு போன்ல சொன்னாகளே."

"அவரும் அங்கதான். மாலை, பன்னீர்ச்சொம்பு எல்லாம் அங்கதான் நிக்கி. வண்டிதான் இங்க நின்னுட்டு."

அவர் பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். "எல்லாரும் அங்க நிக்கையில நீரு மட்டும் எப்படிவே இங்க?"

"நான் அவங்கள நம்பல."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. அப்படி ஒரு ஆளை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரி பார்த்தார். நான் சரத்தை ரெண்டாக மடித்து நீட்டினேன். அதையும் பார்த்தார்.

"இது லாரிக்குப் போடுத மாலைல்லா."

"லாரியிலதான் போகப்போறோம்."

அவர் எழுந்தார். கழுத்தை நீட்டினார், போட்டுவிட்டேன். மாலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது, மனிதர் அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சாந்த்ராகாச்சியிலிருந்து ரெண்டாவது பாலம் வழியாக வந்தால் ஹவுரா பக்கமே போக வேண்டாம். ஆனால் சாமானை ஏற்றி, ஆளை எண்ணி, ஒரு பாட்டியின் செருப்பைத் தேடிக் கிளம்புவதற்குள் மூன்று ஆகிவிட்டது. தாய்மாமன் முன்னால் உட்கார மாட்டேன் என்று என்னோடு பின்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். பாலத்தின் நடுவில் காற்று திரும்பியது. மூக்கைச் சுளித்து, என்ன வாடை என்று கேட்டார். கீழே ஓடுகிற ஆற்று வாடை என்றேன். என்ன ஆறு என்றார். கங்கை என்றேன். மாலையோடு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பியே பாடி வாசலில் இறங்கும்போது கோமதி படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது முதலில் தாய்மாமன் கையிலிருந்த பையை. அப்புறம் அவர் முகத்தை. அதற்குப் பிறகுதான் என்னை. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஹவுராவிலிருந்து மாமா ரெண்டு மணிக்கே போன் செய்து, வண்டி வரவில்லை, எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, நாற்பத்தாறு பேரையும் காணோம் என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அவள் உட்காரவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அலமு மாமி சொன்னாள். போளி தட்டுகிறதை நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டாளாம்.

ஆரத்தி எடுத்து எல்லோரும் உள்ளே போன பிறகு சமையல்கட்டு ஓரத்தில் அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எனக்கு அது பிடிக்காது.

"அண்ணாச்சி, சாந்த்ராகாச்சியில டெலிபோன் பூத்து இல்லியா?"

இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ரெண்டு. அந்த மாலைக்கடைக்கு ஒட்டினாற்போல் ஒன்று. மண்டபத்து நம்பர் எழுதிய சீட்டும் சட்டைப்பையில் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஹவுராவில் கொஞ்ச நேரம் பன்னீர்ச்சொம்போடு நிற்கட்டும் என்று விட்டேன். கோமதி இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள் என்பதை நினைக்கவில்லை.

அவள் பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே வேலை கிடந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் மூன்றாம் பந்தி வரை நின்று பரிமாறினார். ஊருக்குப் போகும்போது ஹவுராவில் அவரை வண்டியேற்ற மாமா, மேளம், பன்னீர்ச்சொம்பு எல்லாம் போயின. வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியதாம். அதைச் சொல்ல மாமா எனக்கு ஆள் அனுப்பினார்.

ரெண்டு வாரம் கழித்து மறுபடி மாடியில் கூட்டம். நடந்ததைத் திரும்பிப் பார்க்கிற கூட்டமாம். நல்லது எது, கெட்டது எது, இனி மாற்ற வேண்டியது எது என்று புதுக் காகிதத்தில் மூன்று பத்தி. சீட்டு நம்பரெல்லாம் கூட்டி மொத்தம் எண்பத்தொன்பது, எண்பத்தொன்பதும் முடிந்தது என்று விவேக் மேலே எழுதியிருந்தான். அதில் ஸ்டேஷனுக்கு ரெண்டு. ரெண்டு மேட்டடார், மூன்று டாக்சி, ஒரு செவந்திச் சரம், ஒரு பொய், கோமதியின் வயிற்றெரிச்சல், எல்லாம் சேர்த்து ரெண்டு.

பையன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றான். "அங்கிள் இருபது காட்டினப்ப நாம நின்னு கேட்டிருக்கணும். முறையே அதுக்குத்தான். முறை தப்பில்ல, நாம முறைப்படி செய்யல." அப்புறம் கொஞ்சம் தயங்கி என்னைப் பார்த்தான். "நீங்களும் ஒரு போன் பண்ணியிருக்கலாம் அங்கிள்."

மருந்து சாப்பிட்டவன் செத்தால் மருந்து தப்பில்லை, விழுங்கின விதம் தப்பு என்கிற வைத்தியன் மாதிரிதான் இது. போன் விஷயத்தை மட்டும் மஞ்சள் சீட்டில் எழுதிக் கெட்டது பத்தியில் ஒட்டினான். நான் மறுக்கவில்லை. கோமதி கேட்டபோது அது உறைத்தது. சுவரில் பார்க்கும்போது உறைக்கவில்லை.

அடுத்தது ராமநவமி. முந்நூறு பேருக்குப் பானகமும் நீர்மோரும். இந்தத் தடவை மாமாவும் அட்டையைக் கவிழ்த்து வைப்பார் என்று விவேக் பெருமையாகச் சொன்னான். மாமா கவிழ்த்துத்தான் வைத்தார். வைத்துவிட்டு, "பானகம்தானே, பிரமாதமா ஒண்ணுமில்லை" என்றார், பொதுவாக, காற்றிடம் சொல்கிற மாதிரி. ரமேஷ்பாபு கையில் எடுத்திருந்த அட்டையைத் திரும்பக் கட்டுக்குள் சொருகி வேறு ஒன்றை எடுத்தான். கோமதியையும் இப்போது குழுவில் சேர்த்திருந்தார்கள், அவள் கையிலும் ஒரு கட்டு. திருப்பினார்கள். எல்லோரும் மூன்று. கோமதியும் மூன்று. அவள் மகள் கல்யாணத்தை நடத்தித் தந்தது சபா, அவள் வேறு எதைக் காட்டுவாள்.

பானகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு சீட்டிலும் இல்லை. மாடியில் குழாய் பதினோரு மணிக்கே நின்றுவிடும், அது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான் என் கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். எங்கே அங்கிள், இன்னும் உங்க அட்டையைக் காட்டலையே என்றான் விவேக், சிரித்துக்கொண்டே.

படி இறங்கும்போது மேலே முட்டை அடித்தது. யாருடைய பேச்சை நிறுத்தியதோ, திரும்பிப் பார்க்கவில்லை. கீழே காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்கள். ராமநவமியன்று பத்து மணிக்கு முன்னால் வந்து ரெண்டு அண்டா தண்ணீர் பிடித்து வைத்துவிட வேண்டும், கோமதியிடம் மட்டும் இந்தத் தடவை சொல்லிவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.